தொலைஞ்ச மெட்டி

பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். கடலூர் கோர்ட்டுல பதினோரு வருஷமா டைப்பிஸ்ட், எத்தனை பொய்யை அடிச்சிருக்கேன்! நீங்க சிரிச்சாலும் பரவால்ல, நடந்ததைச் சொல்றேன்.

ரெண்டாவது பிரசவம், சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரி, சிசேரியன். தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி நகையெல்லாம் கழட்டச் சொல்வாங்க இல்ல, மெட்டியையும் சோப்பு போட்டு உருவி வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டாங்க, அவரு சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. முதுகுல ஊசி போட்டாங்க, பையன் பொறந்தான். சாயங்காலத்துக்குள்ள கால் மரத்துப்போனது சரியாயிடும்னாங்க. மறுநாள் காலையிலயும் இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. டாக்டர் ஊசியால குத்துறாரு, குத்துனாரான்னே எனக்குத் தெரியல. "ரொம்ப அபூர்வமா சில பேருக்கு நரம்பு இப்படி ஆகும்மா, ஸ்கேன் பார்ப்போம்"னாரு. நடப்பேனா சார்னு கேட்டேன். ஸ்கேனுக்குச் சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டாரு. புள்ளைய மடியில வெச்சா வெயிட்டே தெரியலங்க, அழுதுட்டேன்.

அன்னிக்கு மத்தியானம், இடது கால் ரெண்டாவது விரல்ல யாரோ மெட்டியத் திருகுறாங்க. வெறும் விரல்ல! சிஸ்டர் போர்வைய விலக்கிக் காட்டுனாங்க, யாரும் தொடல. எனக்கு என்ன தோணுச்சோ, "அவரு வெளிய என்ன பண்றாரு பாருங்க"ன்னேன். பெஞ்சுல உக்காந்து என் ஜோடி மெட்டியில நசுங்குன ஒண்ண விரல்ல வெச்சுத் திருகிட்டு இருக்காரு. நசுங்குனதுதான் இடது கால் மெட்டி. சிஸ்டர் நம்பல, வாசல்ல நின்னுக்கிட்டு, எனக்குத் தெரியாம கையைக் காட்டி அவரை நிறுத்தச் சொல்றாங்க, திருகச் சொல்றாங்க. நான் கட்டில்ல படுத்துக்கிட்டே "இப்போ... நிறுத்திட்டாரு... இப்போ"ங்கறேன். நம்புனா நம்புங்க, ஒண்ணுகூடத் தப்பல. அந்தப் பொண்ணு சிலுவை போட்டுக்கிச்சு. நான், "ஏங்க, விட்டுடாதீங்க, திருகிட்டே இருங்க"ன்னு கத்துனேன்.

மனுஷன் ரெண்டு நாள் சரியா தூங்காம திருகுனாரு. மூணாம் நாள் கால் அசைஞ்சுது. நரம்பைச் சுத்தி இருந்த வீக்கம் வத்திடுச்சுன்னாரு டாக்டர், சொல்லிட்டுப் போகட்டும். சந்தோஷத்துல இவரு அந்த மெட்டிய எங்கயோ விட்டுட்டாரு. கேன்டீன், ஸ்கேன் ரூம், ஆட்டோன்னு தேடாத எடம் இல்ல, நான் திட்டாத திட்டும் இல்ல.

புது ஜோடி போட்டுக்கிட்டேன், நல்லா நடக்குறேன். அந்த ஒரு விரல் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கு, கொதிக்கிற ரசம் கொட்டிக் கொப்புளம் வந்தப்பகூடத் தெரியல. ஆனா போன செவ்வாக்கிழமை, இவரு என் எதிர்ல உக்காந்து சாப்பிடுறாரு, ரெண்டு கையும் என் கண்ணு முன்னாடி இருக்கு, கீழ யாரோ மெட்டியத் திருகுறாங்க. குனிஞ்சு பார்த்தேன், புதுசு அசையவே இல்ல.

தொலைஞ்சது யாரு கையில இருக்குதோ தெரியல, திருகுறது இன்னும் நிக்கல. நிறுத்தணும்னு வேண்டிக்கவும் பயமா இருக்குங்க, நிறுத்திட்டா என் கால் என்ன ஆகும்?