இரண்டாவது தமீம்

அவ்னிக்கு இனிப்பு என்றாலே ஆகாது. அப்படியிருந்தும் இருபத்திரண்டு வருடம் தின்று தீர்த்தார். காஸாவின் தெற்கில் ஒரு மருத்துவமனையில், பிறப்புச் சீட்டு எழுதித் தரும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் சீட்டு வாங்க வரும்போது கையை வீசிக்கொண்டு வரமாட்டார். ரவைப் பலகாரமோ, பேரீச்சை பிஸ்கட்டோ, கொஞ்சம் வசதியிருந்தால் ஒரு பெட்டி கனாஃபேயோ கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுவார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அவ்னி முத்திரையை ஓங்கிக் குத்தி, சீட்டைக் கொடுத்து, "மப்ரூக்! உங்க நிழல்லயே வளரட்டும்" என்று வாழ்த்திவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். சர்க்கரை வியாதி வந்து டாக்டர் திட்டியபோது, "ஊர்ல பிள்ளை பெத்துக்கறத நிறுத்தச் சொல்லுங்க டாக்டர், நானும் நிறுத்திடுறேன்" என்றார்.

பிள்ளை பெறுவது நிற்கவில்லை. ஜன்னல்தான் நின்றது. போர் தொடங்கிய இரண்டாம் மாதம் அந்தக் கட்டடத்தின் பாதி இடிந்தது. அவ்னி இடிபாட்டுக்குள் புகுந்து முத்திரையையும் எழுதாத சீட்டுக் கட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். அதை எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த நாளே, இறப்புச் சீட்டு எழுத, அவரைப் பிணவறை வாசலில் ஒரு தார்ப்பாய்க் கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். அதே கை, அதே நான்கு பெயர். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர். அதன் பிறகு ஒன்பது இலக்க அடையாள எண். முன்பு வந்தவர்களின் பெயரை எழுதினார், இப்போது போனவர்களின் பெயரை.

அந்த வேலையில் அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. தலைக்கனம் என்றும் சொல்லலாம். கடல் தாண்டி, மின்விளக்கு வெளிச்சத்தில் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், 'அவர்கள் சொல்லும் எண்ணிக்கையை நம்ப முடியாது' என்று வாய் கூசாமல் சொன்னதை அவ்னி ஒருமுறை கைபேசியில் கேட்டுவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவர்களுக்குச் சாட்சி கேட்கிற உலகம் எப்படிப்பட்ட உலகம்! சரி, கேட்கிறாயா, தருகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். தானே எழுந்து போய் முகத்தைப் பார்க்காமல் ஒரு பெயரையும் எழுதமாட்டார். ஒரே ஆளை இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை எழுதிவிடுவது உண்டு. பெற்றவர்கள் புத்தி கலங்கி, இறந்துபோன பிள்ளையை மறுபடியும் மறுபடியும் வந்து எழுதச் சொல்வதும் உண்டு. அதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, இரண்டாவதை அடித்துவிடுவார்.

"உன் பட்டியல்ல பேர் வாங்கறது மக்காவுக்கு விசா வாங்கறத விடக் கஷ்டம்டா அபூ ஹானி" என்பார் ஹிஜாஸி. ஹிஜாஸி பிணவறையில் மய்யித்துகளைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றுபவர். அவ்னிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். மூத்த மகன் ஹானி என்பதால் அவ்னியை ஊரே அபூ ஹானி, ஹானியின் அப்பா, என்றுதான் அழைக்கும்.

"ஒரு பேரு தப்பாப் போனா, மீதி அத்தனையும் பொய்னு சொல்லுவானுங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும். நான் செத்தா மட்டும் கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டு எழுதிடு. என் அடையாள அட்டை எங்க போச்சுன்னு எனக்கே தெரியல."

இப்படித்தான் பொழுது போனது. சிரிக்காவிட்டால் மூச்சு முட்டிவிடும்.

வைகாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குள் நாற்பத்தொரு பேரைக் கொண்டுவந்தார்கள். மேற்கே, கடலோரக் கூடாரங்களிலிருந்து. அந்தச் செய்தி காதில் விழுந்ததுமே அவ்னி கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். அவருடைய மகள் வஃபா, புருஷனோடும் குழந்தைகளோடும் அங்கேதான் ஒரு கூடாரத்தில் இருந்தாள். அவள் எடுக்கவில்லை. எழுந்து போய் முகங்களைப் பார்க்க வேண்டும். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஹிஜாஸி, இன்னைக்கு நீயே பார்த்துச் சொல்லு. நான் இங்கேயிருந்து எழுதிக்கிறேன்."

ஹிஜாஸி அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அவ்னி கண்ணை மூடித் திறந்தார். "எண்?" என்பார். எண் வரும், அல்லது இல்லை என்று வரும்; இல்லாததைப் பெயரை வைத்துப் பிறகு கணினியில் தேடிக்கொள்ளலாம். "அடுத்தது."

"தமீம் நாயிஃப் ராகிப் ஷாலூஃப்."

"எண்?"

"இல்ல."

"அடுத்தது."

வஃபாவின் பெயர் வரவில்லை. மாலையில் அவளே கைபேசியில் கூப்பிட்டாள், தண்ணீர் வரிசையில் நின்றிருந்தாளாம். அவ்னி அரை மணி நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நாற்பத்தொரு பெயரையும் கணினியில் ஏற்றினார். பதினேழாவது பெயரில் கணினி நின்றது. தமீம் நாயிஃப் ராகிப் ஷாலூஃப், ஏழு வயது, எண்ணோடு, மாசி மாதமே பதிவாகியிருந்தான். நான்கு பெயரும் அச்சு அசல் அதே. புதிதில் எண்ணும் இல்லை, வயதும் இல்லை. அவ்னி கொஞ்சமும் யோசிக்கவில்லை. இரண்டு தடவை எழுதப்பட்டது என்று அடித்தார். நாற்பது என்று சுகாதார அமைச்சகத்துக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில், ஒரு பெண் கூடாரத்துக்குள் வந்தாள். முப்பது வயது இருக்கும். காலில் ஆண்கள் செருப்பு. கையில் கீறல் விழுந்த கைபேசி.

"உஸ்தாத், நான் உம்மு தமீம், தமீமோட அம்மா. பேரு சுஹைலா. உங்க பட்டியல் வெளிய வந்திருக்கு. அதுல எம் பிள்ளை இல்ல."

அவ்னி கணினியைத் திருப்பிப் பார்த்தார். "இருக்கே தங்கச்சி. தமீம் நாயிஃப். ஏழு வயசு. மாசி மாசம்."

"அது பெரியவன். நான் கேக்கறது சின்னவன."

"சின்னவன் பேரு?"

"தமீம்."

அவ்னிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்படி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. துக்கம் ஆளைப் பேதலிக்கச் செய்துவிடும். குரலைத் தணித்துக்கொண்டார். "கொஞ்சம் உட்காரு. தண்ணி குடி. உம் பிள்ளை பேரு பட்டியல்ல இருக்கு, யாரும் எடுக்கல. ரெண்டு தடவை எழுதக்கூடாதும்மா, அவ்வளவுதான்."

"எனக்கு ஒண்ணும் பைத்தியம் பிடிக்கல உஸ்தாத்." அவள் உட்காரவில்லை. "பெரியவன் போனப்ப இவன் என் வயித்துல ஆறு மாசம். ஊரு என்னைய உம்மு தமீம்னுதான் கூப்பிடுது. எம் புருஷன அபூ தமீம்னுதான் கூப்பிடுது. கூப்பிடறப்பல்லாம் திரும்பிப் பாக்கணும், பிள்ளை இல்லாம பேரு மட்டும் எப்படி இருக்கறது? அதான் பிறந்ததும் அதே பேர வெச்சோம். பதினோரு நாள் இருந்தான்."

போனவனின் பெயரைப் பின்னால் வந்தவனுக்கு வைப்பது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான். அவ்னியின் தம்பியே அப்படிப் பெயர் வாங்கியவன்தான். இருபத்திரண்டு வருடமாக அப்படி எத்தனை சீட்டு எழுதியிருப்பார்! அவருக்கு அன்றைக்கு அது தோன்றவில்லையே.

"ஹிஜாஸி!" என்று கத்தினார். ஹிஜாஸி ஈரக்கையோடு வந்தார். "அந்த வியாழக்கிழமை, பதினேழாவது. தமீம் நாயிஃப். எவ்வளவு பெரிய பிள்ளை?"

ஹிஜாஸி சுஹைலாவைப் பார்த்தார், உடனே தெரிந்துகொண்டார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார். "இவ்வளவுதான். கஃபன் துணிய நாலா மடிச்சேன்."

"கைக்குழந்தைன்னு ஏன்டா சொல்லல?"

"நீ கேட்டியா? பேரு, எண்ணு, அடுத்ததுன்னியே. நாப்பத்தொரு தடவை அடுத்தது அடுத்ததுன்ன. நீ வந்து பார்ப்பேன்னு நெனச்சேன்."

ஒரே ஒரு நாள் எழுந்து போகவில்லை. சொந்த மகளுக்காகப் பயந்து உட்கார்ந்த நாளில், இன்னொருத்தியின் மகனை இல்லாமல் ஆக்கிவிட்டார். உலகம் நம்பவில்லை என்று கொதித்தவர், இவளை மட்டும் நம்பாமல் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவருக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"மன்னிச்சிரு தங்கச்சி. தப்பு என்னோடது."

"மன்னிப்ப நான் என்ன பண்ண உஸ்தாத்? அவன எழுதுங்க. பெரியவன் போன கையோட இவன் வயித்துலயே கரைஞ்சிட்டான்னு மாமியார் வீட்டுச் சொந்தமே பேசுது. அவன பாத்தவங்க கொஞ்சம் பேருதான். அவங்கள்லயும் பாதிப் பேரு இல்ல. நாளைக்கு நானும் போயிட்டா, அப்படி ஒருத்தன் இருந்தான்னு சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது."

எழுதலாம்தான். ஆனால் கணினிக்கு ஒன்பது இலக்க எண் வேண்டும். எண்ணுக்குப் பிறப்புச் சீட்டு வேண்டும். பிறக்காத ஒருவனைச் செத்ததாக அது ஏற்றுக்கொள்ளாது. அவ்னி குனிந்து, நாற்காலிக்குக் கீழே இருந்த பையை இழுத்தார். அதற்குள் இடிபாட்டிலிருந்து எடுத்த சீட்டுக் கட்டு இருந்தது. ஓரம் கருகியிருந்தது. எதற்கு எடுத்தோம் என்று இத்தனை மாதமாகத் தெரியாமல் இருந்ததற்கு இப்போது விடை கிடைத்தது. இப்படி ஒரு விடை கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

"எங்க பிறந்தான்?"

"கூடாரத்துல. ஞாயித்துக்கிழமை, விடியக்கால சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி."

"யாரு பிரசவம் பார்த்தது? அவங்க கையெழுத்து வேணும்."

"மருத்துவச்சி உம்மு ஸைஃப். அவங்க உங்க பட்டியல்லதான் இருக்காங்க உஸ்தாத். அதே வியாழக்கிழமை."

அவ்னி தேடினார். இருந்தாள். அதே நாள், இருபத்தாறாவது பெயர். வயது அறுபத்து மூன்று.

"நான் போடறேன் கையெழுத்து" என்றார் ஹிஜாஸி. "பிறந்தத பார்க்கல. ஆனா பிறந்தவன பார்த்தேன். அது போதும்." ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சாட்சி என்ற இடத்தில் எழுதினார். எழுத்து கோணலாக வந்தது.

"எடை?" என்றார் அவ்னி. சீட்டில் அந்தக் கட்டம் இருந்தது.

சுஹைலா முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். "தராசு எங்க இருக்கு? உம்மு ஸைஃப் கையில தூக்கிப் பார்த்து, மூணு கிலோ இருப்பான்டி, இந்தப் பஞ்சத்துல நீ எதத் தின்னு இவனப் பெத்தன்னு கேட்டாங்க. மல்லோக் கீரையத் தவிர வேற என்னத்தத் தின்னேன்."

மூன்று கிலோ என்று எழுதினார்.

"முடி இருந்துச்சா?" அப்படி ஒரு கட்டம் சீட்டில் இல்லை. ஏனோ கேட்டார்.

"காது வரைக்கும். பெரியவனுக்கு மொட்டத் தல. இவன் என் அண்ணன் ஜாடை."

அவ்னி நான்கு பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். தமீம் நாயிஃப் ராகிப் ஷாலூஃப். தாயின் பெயர், சுஹைலா. தேதி. மை காய்ந்துபோன முத்திரைத் திண்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேசை அதிர்ந்தது. சீட்டைக் கிழித்து அவள் பக்கம் நீட்டினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கை நீண்டதும் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"மப்ரூக்! உங்க நிழல்லயே வளரட்டும்."

சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது. ஹிஜாஸி வெளியே திரும்பிக்கொண்டார். சீட்டைப் பிடித்த கை அந்தரத்திலேயே நின்றது.

சுஹைலா கோபப்படவில்லை. இந்தப் பதினோரு நாள் பிள்ளைக்கு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. அவள் சீட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். பெயரை ஒருதரம் படித்தாள். பிறகு, பிள்ளை பெற்ற எல்லாத் தாயும் சொல்வது போலவே பதில் சொன்னாள்.

"அல்லாஹ் உங்களுக்கும் பரக்கத் செய்யட்டும், உஸ்தாத். இனிப்புதான் கொண்டுவர முடியல."

சீட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, முன்பு அவர் காட்டிய நாற்காலியில் இப்போதுதான் உட்கார்ந்தாள். இன்னொரு தாள் பாக்கி இருப்பது அவளுக்கும் தெரியும்.

அவ்னி அதை எடுத்தார்.