வண்டிக்கா, ஆளுக்கா?

கடலூர் முதுநகரில் கதிர்வேல் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போய், வண்டியில் இழுப்பே இல்லை என்று சொன்னால் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "இழுப்பு வண்டிக்கா, ஆளுக்கா?" பாதி வழியில் நின்றுபோன வண்டியை வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தவன்கூடச் சிரித்துவிடுவான். மெக்கானிக் கிண்டல் பேர்வழி என்று பெயர். ஊருக்கு என்ன, சிரிக்க ஒன்று கிடைத்தால் போதும். கேட்டவர் சிரிக்கிறாரா என்று ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

2006 வரைக்கும் அவர் அப்படிக் கேட்டதில்லை. அப்போது பொன்னி இருந்தாள். செம்மங்குப்பத்தில், சிதம்பரம் ரோட்டை ஒட்டிய தெருவில் வீடு. பொன்னிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா மறைக்காமல் சொல்லிவிட்டார். மெக்கானிக்குகளுக்கு இழுப்பு என்றால் வேறு. மிதித்த மிதிக்கு வண்டி பாய்ந்து போகிற வேகம். "இழுப்பு இருந்தா நல்லதுதானே மாமா, அதுக்குத்தானே ஜனங்க என்கிட்ட வராங்க" என்று மாப்பிள்ளை சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன் என்பார் கதிர்வேல்.

அந்த 2006இல்தான் ராஜமாணிக்கத்தின் கார் வந்து சேர்ந்தது. சிதம்பரம் கீழ வீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். பாண்டிச்சேரியைக் காலி செய்துகொண்டு போன வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. ஊருக்குள் சமர்த்தாக ஓடும். ரோடு காலியாகக் கிடக்கிறதே என்று அழுத்தி மிதித்தால், ஆர்.பி.எம். முள் நாலாயிரத்தைத் தாண்டியதும் திக்கும். இரண்டு குலுக்கு குலுக்கி, முன்னே போகமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

கதிர்வேல் பிளக் மாற்றினார். பாயின்ட், கண்டன்சர், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஜெட்டை ஊதிப் பூட்டினார். நிறுத்தி வைத்து மிதித்தால் குறை தெரியாது, ஓட்டத்தில்தான் தெரியும். ஸ்டீரிங்கை இன்னொருத்தர் தொட ராஜமாணிக்கம் விடமாட்டார். அவர் ஓட்ட, இவர் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆலப்பாக்கம் தாண்டியதும் அது திக்கும், இவருக்கு மானம் போகும்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. பொன்னிக்குப் பொறுக்கவில்லை.

"ஒன்னோட காருக்கு இழுப்பு இல்ல, எனக்கு ஜாஸ்தி. என்னுத எடுத்து அதுக்குக் குடுத்துடு மாமா. ரெண்டு பேரும் நல்லா இருப்போம்."

சிரித்துவிட்டு, உனக்கு அது எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டார் அவர். அத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சும்மா ஒக்காந்திருந்தா ஒண்ணும் தெரியல. தண்ணிக் கொடத்தத் தூக்கிக்கினு நடந்தாதான். காத்து ஜாஸ்தி வேணும்னு இழுக்கறப்ப உள்ள கொழாயே ஒட்டிக்கிற மாதிரி இருக்குது."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய், பெட்ரோல் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினார். வெளியே புதுசு மாதிரி பளபளப்பாக இருந்ததால் அதுவரை அதன்மேல் சந்தேகமே வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்பக்கம் ஊறிப்போய்க் கொழகொழவென்று இருந்தது. இன்ஜின் கொஞ்சமாகக் கேட்டால் பெட்ரோல் போகும். அதிகமாகக் கேட்டு உறிஞ்சினால் குழாய் ஒட்டிக்கொள்ளும். அப்படியே பொன்னி சொன்னதுதான்.

புதுக் குழாய் போட்ட காரை எடுத்துப் போக வந்த ராஜமாணிக்கத்துக்கு அன்றைக்கு நிற்க நேரமில்லை; ஸ்டுடியோவில் கல்யாணக் கூட்டம் காத்திருந்தது. வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்து, இழுப்பு வந்துவிட்டால் போன் செய்வதாகவும், உடனே புறப்பட்டு வந்தால் கொள்ளிடம் பாலம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கதிர்வேலிடம் செல்போன் கிடையாது. பக்கத்துப் பேட்டரிக் கடை அன்பரசுவின் போன்தான் பட்டறைக்கும் போன். சிதம்பரத்திலிருந்து வரும், இழுப்பு வந்ததா என்று கேட்டு வை என்று அவனிடம் சொல்லியிருந்தார்.

மதியம் போன் வந்தது. வெளியே லாரிகளின் ஆரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கேட்ட அன்பரசு, சிரித்த முகமாக ஓடி வந்தான்.

"மச்சான், இழுப்பு வந்துடுச்சாம். ரொம்ப ஜாஸ்தியா இருக்காம். ஒடனே கெளம்பி வரச் சொன்னாங்க."

கதிர்வேல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கைக் கரியைக்கூடச் சரியாகக் கழுவாமல் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். பஸ் செம்மங்குப்பத்தில் நின்றது. ஜன்னல் வழியாகத் தன் தெருமுனை தெரிந்தது. இறங்கிப் பொன்னியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமா என்று நினைத்தார். சாயங்காலம் அல்வாவோடு வந்து சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவாள் என்று உட்கார்ந்துவிட்டார். இறங்கியிருக்கக் கூடாதா அந்த மனுஷர்.

ஸ்டுடியோவில் ராஜமாணிக்கம் பெண் மாப்பிள்ளையை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் எங்கப்பா போன் பண்ணேன்? வண்டிய இன்னும் எடுக்கவே இல்லியே."

கதிர்வேல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், அது பொன்னிக்கு."

பெண் மாப்பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு ராஜமாணிக்கம் சாவியை எடுத்தார். புதுச்சத்திரம் தாண்டி ரோடு காலியானதும் அழுத்தி மிதித்தார். முள் நாலாயிரத்தைத் தாண்டியது, ஐயாயிரத்தைத் தொட்டது. திக்கவில்லை. கார் சீறிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, சரியாகிவிட்டது என்று கதிர்வேலின் மனசு ஒரு நொடி குளிர்ந்தது. அந்த ஒரு நொடிக்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டு வாசலில் கூட்டம். போன் செய்தவள் பக்கத்து வீட்டுத் தைலம்மாள். மருந்தை உறிஞ்சியும் நிற்காததால் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். பொன்னிதான் ஏறமாட்டேன் என்றிருக்கிறாள். போன் போட்டாச்சு இல்ல, மாமா வந்துடும், அதுகூடவே போறேன் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். முடியாமல் போய், தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது மூச்சு இல்லை.

அன்பரசு ரொம்ப நாள் முகம் கொடுக்காமல் ஒளிந்து திரிந்தான். கதிர்வேலே போய் அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அவனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார், யார் வந்தாலும், எந்த வண்டியானாலும்.

அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. தானே புயலில் பறந்த பட்டறைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்ட பிறகு, 2012இல் ஒருநாள் ராஜமாணிக்கம் அதைச் சர்வீசுக்குக் கொண்டு வந்தார். இத்தனை வருஷமாகக் கதிர்வேல் அதில் ஏறுவதில்லை, வேலை மட்டும் செய்து கொடுப்பார். அன்றைக்குப் பேச்சுவாக்கில் ராஜமாணிக்கம், இந்த வயதிலும் என்னமாக இழுக்கிறது என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கதிர்வேல் பானட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இழுக்கும் சார். அது அவளோடது."