பெருவிரல் தூக்கிய ஒன்பது றாத்தல்

சந்தனத்தைக் கொன்றவன் நான்தான். கையால் அல்ல... என் வலது காற்பெருவிரலால்!

சிரிப்பு வருகிறதா? வரட்டும். இந்த நாற்பத்தெட்டு வயது வரை உங்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவன் நான். கொலையைச் சொல்ல வந்தாலும் அது கோமாளித்தனமாகத்தான் வருகிறது.

மாத்தளை மாணிக்கம் முதலாளியை நீங்கள் மறந்திருக்கலாம். மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். வருடத்துக்கு இரண்டு தரம், மைதானத்தில் தார்ப் பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கி, கயிறு கட்டி, பொக்சிங் நடத்தியவர். வேடிக்கை என்னவென்றால், மூக்கில் இரத்தம் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்! ஆனால் தோட்டத்து ஆளும் டவுன் ஆளும், தமிழனும் சிங்களவனும், அந்தப் பலகையில் சமமாக நிற்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறி.

"நிறை சரியா இருந்தாத்தான்டா அது சண்டை. இல்லாட்டி வெறும் அடி" என்பார்.

அவருடைய ஸ்டோரில் தராசு என் பொறுப்பு. சண்டை மேடையில் மைக் என் பொறுப்பு. இரண்டிலும் நான் கெட்டிக்காரன்... அதுதான் வினை.

மிளகு மூட்டையை நிறுக்கும்போது, சாரத்தின் மறைவில் பெருவிரலைத் தராசுத் தட்டுக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்குவேன். இரண்டு மூன்று றாத்தல் குறைந்துவிடும். விற்க வந்தவன் முள்ளைப் பார்ப்பான். என் காலை எதற்குப் பார்க்கப்போகிறான்? முதலாளிக்கு இது தெரியாது. லாபம் முருகன் கொடுப்பதென்று நம்பியிருந்தார். முருகனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்!

சந்தனம் எங்கள் ஸ்டோரில் மூட்டை தூக்குபவன்; முதலாளி நடத்தும் சண்டைகளில் மேடை ஏறுபவன். பெண்சாதி லெட்சுமி அங்கேயே மிளகு புடைத்தாள். அந்த முறை அவனுடன் மோத, குருநாகல் பக்கத்திலிருந்து ஒருவன் வந்திருந்தான். காலையில் எங்கள் தராசிலேயே நிறை பார்த்தோம். சந்தனம் சரியான நிறை. அடுத்து மற்றவன் ஏறினான். முள், நிறை எல்லையைத் தாண்டி ஒன்பது றாத்தல் கூடுதலாகப் போய் நின்றது!

நடுவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். முதலாளி அவர் பக்கம் திரும்பியிருந்தார். நான் ஒருவன்தான் பார்த்தேன்.

சொல்லியிருந்தால்? சண்டை நின்றிருக்கும். அவ்வளவுதான்! ஆனால் மைக்கில் சொல்வதற்கென்று இருபது நாளாகக் கண்ணாடி முன் நின்று பழகிய பகிடிகள் என் வாயில் நிறைந்திருந்தன. அவற்றை விழுங்க எனக்கு மனம் வரவில்லை. நம்புவீர்களா? வேறு காரணமே கிடையாது...

பெருவிரலைக் கொடுத்தேன். தூக்கினேன்.

தட்டில் நின்றவன் குனிந்து என் காலைப் பார்த்தான். பிறகு என் முகத்தை. இறங்கிப் போனான்.

"சரியா ராசு?" என்றார் முதலாளி.

"கச்சிதம் மொதலாளி!"

பின்னேரம் நாலு மணிக்குச் சண்டை. இரண்டாம் சுற்றிலேயே சந்தனம் மல்லாந்து விழுந்தான். நான் மைக்கைப் பிடித்தேன். "சந்தனத்துக்குத் தூக்கம் வந்திருச்சுங்க! யாராச்சும் ஒரு பாய் கொண்டாங்க!"

மைதானமே சிரித்தது. முன்வரிசையில் லெட்சுமியும் சிரித்தாள்... முதலில்.

அவன் எழும்பவே இல்லை. மூன்றாம் நாள் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாக வந்தான்.

ஊர் சும்மா இருக்குமா? "அந்த ஒடம்பு இந்த நிறையா? மொதலாளி தராசுல வெளையாடிட்டாரு" என்று கடைக்குக் கடை பேச்சு. சாவு வீட்டிலேயே ஒருவன் அவர் முகத்துக்கு நேரே கேட்டான். முதலாளி என் தோளில் கை வைத்தார்.

"தராசுகிட்ட நின்னு நிறை பாத்தது ராசு. அவன் பகிடி பண்ணுவான். பொய் பண்ண மாட்டான்."

அந்தக் கை... இன்னும் இந்தத் தோளில்தான் இருக்கிறது.

அதன்பிறகு அவர் சண்டை நடத்தவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் ஸ்டோர் எரிந்தது. தெருவெல்லாம் மிளகுப் புகை. எரித்தவர்களே தும்மித் தும்மி எரித்தார்கள். "சந்தனத்தோட பாவம்" என்றார்கள் எங்கள் ஆட்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம், அலுவிகாரைப் பக்கம் ஒரு வாடகை அறையில் முதலாளி படுக்கையில் கிடந்தார். பக்கத்தில் நான்.

"ராசு... அன்னைக்குத் தராசு சரியாத்தானே இருந்துச்சு?"

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தும்விட்டேன்!

"தராசு சரியாத்தான் இருந்துச்சு மொதலாளி."

"அப்ப நான்தான்டா சண்டைக்குச் சோடி தப்பாச் சேத்துட்டேன்" என்றார். அந்த வாரமே போய்விட்டார். செய்யாத குற்றத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு.

லெட்சுமி இப்போது சந்தையில் தக்காளி விற்கிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவதென்றுதான் போன கிழமையும் போனேன்.

"வாங்கண்ணே! ஏதாச்சும் சொல்லுங்க, காலையிலருந்து சிரிக்கவே இல்ல."

சொன்னேன்... ஒரு பகிடியை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு கிலோ தக்காளி நிறுத்தாள். முள் சரியாக நின்ற பிறகு, நிறைக்கு மேலே இன்னொரு பழத்தை எடுத்து என் பையில் போட்டாள்.

வாங்கிக்கொண்டு வந்தேன்.