வேலிக்கு வெளியே நின்ற அண்ணன்

மலேசியாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருப்பவர்கள் கோயில் திருவிழாவுக்கு வராவிட்டால் அதற்கொரு காரணம் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், இடுப்புவலி. டவுனுக்குப் போனவன் வராவிட்டால் மட்டும் அது கொழுப்பு. இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் ஈப்போவில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அண்ணி உண்டாகியிருந்தாள். பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று அப்பா மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்து, காப்புக் கட்டி விரதம் இருந்தார்.

திருவிழா அன்று அண்ணன் வந்தான். ஆனால் கோயில் வேலிக்கு உள்ளே வரவில்லை. தலையில் குடத்தோடு வந்த அப்பா அவனைக் கண்டதும் நின்று, ஒரு கையால் திருநீற்றை நீட்டினார். அவன் சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

"வேணாம்ப்பா. நீங்க போங்க."

லயத்து வரிசை வீட்டுச் சனமே பார்த்துக்கொண்டிருந்தது. "ஈப்போ தண்ணி குடிச்சோன துன்னூறு கசக்குது லா" என்றார் பக்கத்து வீட்டு மாமா. "சாமி இல்லேங்கிற கூட்டத்துல சேந்துட்டான்" என்றார் இன்னொருவர். போன வருஷம் இதே மாமா தீட்டு என்று இதே வேலிக்கு வெளியே நின்றவர்தான். அவருடைய பக்தியை அன்றைக்கு யாரும் சந்தேகப்படவில்லை.

அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "இனிமே அப்பான்னு வந்து நிக்காத" என்று கத்திவிட்டு உள்ளே போனார். அண்ணன் பஸ் ஏறப் போய்விட்டான்.

அன்று விடியற்காலையில் அவனுடைய பிள்ளை இறந்தே பிறந்திருந்தது. அண்ணியை ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, அப்பாவிடம் சொல்லத்தான் வந்திருக்கிறான். வந்து பார்த்தால் குடம் தலையில் ஏறியாகிவிட்டது. சாவுச் செய்தி காதில் விழும்வரை தீட்டு இல்லை என்பது எங்கள் வழக்கம். சொல்லியிருந்தால் அப்பா குடத்தைப் பாதியில் இறக்க வேண்டி வந்திருக்கும். அதனால் தீட்டைத் தன்னோடு வைத்துக்கொண்டு எட்டி நின்றிருக்கிறான், பாவி.

ஒரு வாரம் கழித்து அண்ணியின் தம்பி வந்து சொன்னபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "நா அப்பவே நெனச்சேன், அவன் மொகமே சரியில்ல" என்றார் மாமா. அவரை அறைய எனக்குக் கை பரபரத்தது.

அப்பாவும் நானும் ஈப்போவுக்குப் போனோம். கதவைத் திறந்த அண்ணனிடம் அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஆணாடா, பொண்ணாடா?"

"பொம்பளப் புள்ளப்பா. ஒங்க சாடை."