கைடு இல்லாமல் ஓர் ஆராய்ச்சி

குழந்தை மருத்துவம் படித்து முடித்து விருதுநகரில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆராய்ச்சிக்கு எனக்கு ஒரு கைடு இருந்தார். சென்னையில் பெரிய பேராசிரியர். நான் எழுதிய கட்டுரை ஒவ்வொன்றிலும் அவர் பெயர் இருக்கும். படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஒரு கட்டுரையில், நான் ஆராய்ச்சி செய்த நாரணாபுரத்தைக் கடலோரக் கிராமம் என்று திருத்தி அனுப்பினார். சிவகாசிக்குப் பக்கத்தில் கடல் கண்ட முதல் மனிதர் அவர்தான்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு முறை வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். "போட்டோ எடுத்தாச்சா?" என்று என்னிடம் கேட்டார். போய்விட்டார்.

என் கேள்வி எளிமையானது. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றதும் பிள்ளைகள் ஓடிப்போய் அம்மாக்களின் இடுப்பில் ஏறிக்கொள்ளும். சேலையெல்லாம் வெடிமருந்துத் தூள். கம்பெனியிலேயே குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்தால் பிள்ளைகளுக்கு வரும் மூச்சிளைப்பு குறையுமா? அவரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா. தாய்மார்களின் அறியாமைன்னு ஒரு சர்வே பண்ணு. சீக்கிரம் அச்சாகும்."

அடுத்தவர் உழைப்பில் பெயர் போட்டுக்கொண்டவர், வெயிலில் மருந்து அடைக்கிற பெண்களின் அறியாமையை அளக்கச் சொன்னார். அவரைக் கேட்காமலே இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான நிதிக்கு விண்ணப்பித்தேன். தனியாக ஆராய்ச்சி செய்யத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

நேர்காணலில் மூன்று பெரியவர்கள். மூவருமே மாணவர்களின் கட்டுரைகளில் ஏறிப் பதவிக்கு வந்தவர்கள்.

"எல்லாத்துலயும் உங்க கைடு பேர் இருக்கே. உங்க சொந்த யோசனை எது?"

"எல்லாமே என்னோடதுதான் சார்."

"அப்ப அவர் பேர் எதுக்கு?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும்."

ஒருவர் டீயைக் கலக்க ஆரம்பித்தார். இன்னொருவர் மின்விசிறியைப் பார்த்தார். சில வாரங்களில் பதில் வந்தது: தனித்து இயங்கும் திறன் போதவில்லை, மூத்தவர் ஒருவரின் வழிகாட்டுதல் அவசியம். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு நானே தொடங்கினேன். சிறிய கம்பெனி ஒன்றின் முதலாளி, "லோடு ஏத்துறதுக்கு இடைஞ்சல் வராம பாத்துக்கோங்க" என்று சொல்லிக் குளியலறைக்கு இடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கன்வாடியில் உட்கார்ந்து பிள்ளைகளைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தேன். ஒரு நாள் ஓர் அம்மா கேட்டாள்:

"ஏம்மா, அன்னைக்குக் கார்ல வந்தாகளே ஒரு ஐயா, அவுக வரலையா?"

"வர மாட்டாரும்மா."

"வராட்டிப் போறாக. எங்க ஊர்க் காத்துப் பட்டா அவுக கரைஞ்சு போவாக போல."

இளைப்பு குறைந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை, ஆனால் குறைந்தது. கட்டுரை என் பெயரில் மட்டும் வெளிவந்தது. மறுநாளே அவர் போன் செய்தார்.

"என் பேரை விட்டுட்டியேம்மா?"

"இதுல நீங்க என்ன செஞ்சீங்க சார்?"

"உன்னையே நான்தானே உருவாக்கினேன்!"

என்னை உருவாக்கியவர்கள் சாத்தூர் பக்கம் பருத்தி போட்ட என் அப்பாவும் அம்மாவும். அவரிடம் அதைச் சொல்லவில்லை. "வைக்கிறேன் சார்" என்றேன்.

சூலக்கரை கலெக்டர் ஆபீசில் இந்த ஆய்வைப் பற்றி அதிகாரிகள் கூட்டம் நடந்தபோது, அழைப்பை எப்படியோ வாங்கிக்கொண்டு அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு முன்பே எழுந்து, "எங்கள் ஆய்வு" என்று ஆரம்பித்தார். ஒரு பெண் அதிகாரி குறுக்கிட்டார்: "சார், அந்தப் பெண்கள் குளிக்கத் தண்ணி எங்கிருந்து வருது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. அவர் குடிநீர்த் திட்டம், விழிப்புணர்வு என்று ஏதேதோ சொல்லித் தடுமாறி உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து அந்த அதிகாரியிடம் சொன்னேன்: "லாரித் தண்ணி மேடம். தீபாவளி சீசன்ல அதுவும் பத்தாது. முதல்ல அதைப் பேசுவோம்."