எல்சி அழிக்காத வரி

ரோஸிலிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் ஊற்றிய பாலை அவன் கண் முன்னாலேயே விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பாள். எருமைப் போத்துக்கறி நிறுக்கும்போது குனிந்து தராசுத் தட்டின் அடியைப் பார்ப்பாள். இருபத்திரண்டு வயதில் டேவிஸின் மனைவியாக இரிஞ்ஞாலக்குடா பக்கத்து இந்த வீட்டுக்கு வந்தவள். டேவிஸ் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். மாமியார் செத்த நாளிலிருந்து, பதினெட்டு வருஷமாக, டேவிஸின் அக்கா எல்சியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பீ மூத்திரம் அள்ளுவதும் ரோஸிலிதான். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

எல்சிக்கு நாற்பத்து நாலு வயது. பிறக்கும்போதே மூளையில் அடிபட்டு, கைகால் முறுக்கிக்கொண்டு, பேச்சே வராமல் போனவள். புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. மற்றதையெல்லாம் அவளுக்காக ரோஸிலியே பேசிவிடுவாள். "சேச்சிக்கு மத்தி மீன் பிடிக்காது." "சேச்சிக்குக் கூட்டம் ஆகாது." எல்சியை யார் கேட்டார்கள்?

போன வருஷம் பங்குக் கோயிலின் அன்னையர் சங்கத்தார் வீட்டுக்கே வந்து ரோஸிலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கத் தலைவி கட்டில் பக்கம் குனிந்து, "எல்சி, ரோஸிலி உன்னை நல்லா பாத்துக்கறாளாடீ?" என்று கேட்டாள். எல்சி கண்ணை மேலே தூக்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் படம் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. வருகிறவர்களை ரோஸிலி அதற்கு நேர் எதிரேதான் உட்கார வைப்பாள்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்த நோன்புக் காலத்தில்தான் அந்தப் பேசும் பலகை வந்தது. டேவிஸ் மஸ்கட்டில் யாரோ ஒரு வீட்டில் பார்த்துவிட்டு, திருச்சூரில் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தைப் பிடித்து ஏற்பாடு செய்துவிட்டான். நிம்மி என்ற பெண் அதைக் கொண்டு வந்து, கட்டிலோடு ஒரு இரும்புக் கையில் பொருத்தினாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். எல்சி தன் வலது கை முட்டியால் ஒன்றை இடித்தால் அது பேசும். ஸ்டேஷனில் வண்டி வருவதை அறிவிக்கிற பெண்ணின் குரல்.

"என்னென்ன வார்த்தை போடலாம்?" என்றாள் நிம்மி.

"தண்ணி, பசி, மூத்திரம், வலி, பிரார்த்தனை, நன்றி. வேற என்ன வேணும் இவளுக்கு?" என்றாள் ரோஸிலி.

நிம்மி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். 'வேண்டாம்', 'போ', 'வேற', 'பொய்', 'நல்லது', 'சொன்னேன்', எண்கள், ஆட்களின் பெயர்கள் என்று அவள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனாள். 'போ'வைப் பார்த்ததும் ரோஸிலிக்குச் சுருக்கென்றது. யாரைப் போகச் சொல்வதற்கு?

"பேசினது எல்லாம் இங்க வரி வரியா நிக்கும்," என்று நிம்மி ஒரு மூலையைக் காட்டினாள். "வேண்டாத வரியை இந்தக் குப்பைத்தொட்டிப் படத்தை இடிச்சு சேச்சியே அழிச்சுக்கலாம். சத்தத்தைக் கூட்ட இது, குறைக்க இது."

"அழிக்கறதா? ஒளிச்சு வைக்க இவகிட்ட என்ன இருக்கு?"

"நீங்க ஃபோன்ல பேசறதை நாலு பேர் நின்னு கேட்டா நல்லாவா இருக்கும், சேச்சி?"

எல்சி அந்தக் குப்பைத்தொட்டியை மட்டும் நான்கு முறை இடித்துப் பழகினாள். ரோஸிலி அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், பலகை சொன்னது: "அச்சன். பாவம். சொல்லணும்."

ரோஸிலி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பாவசங்கீர்த்தனமா? மாதா மாதம் நற்கருணை கொண்டு வருகிற பங்குச் சாமியார் தெக்கேக்கரை அச்சனே, "இந்தக் குழந்தைக்கு என்ன பாவம்?" என்று பாவசங்கீர்த்தனம் கேட்காமலே நற்கருணையும் ஆசீரும் கொடுத்துவிட்டுப் போவார். கட்டிலை விட்டு இறங்காதவளுக்கு என்ன பாவம்? யாருடைய பாவத்தைச் சொல்லப் போகிறாள் இவள்?

"என்ன பாவம் சேச்சி? சொல்லு, நானே அந்த வார்த்தையைப் போட்டுத் தரேன்," என்று தேன் ஒழுகக் கேட்டாள்.

எல்சி கண்ணால் ஜெபப்புத்தகத்தைக் காட்டினாள். அதில் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் படிக்கிற பட்டியல் இருக்கிறது, கட்டளை கட்டளையாக. ரோஸிலி படிக்க ஆரம்பித்தாள். "கோபம்?" கண் மேலே போனது. போட்டாள். "பொறாமை?" மேலே. "திருட்டு?" மேலே. "என் ஈசோவே! நீ எதைத் திருடினே?" எல்சியின் கண் மறுபடி புத்தகத்துக்குப் போனது. "விபசாரம்?" மேலே. "கொலை?" அதற்கும் மேலே!

அப்போதுதான் ரோஸிலிக்குப் புரிந்தது. கள்ளி! எல்லாவற்றையும் போட வைத்துவிட்டால், எதை இடிக்கப் போகிறாள் என்று போட்டுக் கொடுத்தவளுக்கே தெரியாது. பதினெட்டு வருஷம் குண்டி கழுவியவளுக்கே இந்தத் தண்ணி காட்டல்!

அச்சன் சனிக்கிழமை வந்தார். "நீ வெளியே இரு ரோஸிலி," என்று கதவைச் சாத்தினார். ரோஸிலி வெட்கமில்லாமல் கதவில் காதை வைத்தாள். எல்சி சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தாள். ஈ பறக்கிற மாதிரி ஏதோ முணுமுணுப்பு, அவ்வளவுதான். கால் மணி நேரம். அச்சன் வெளியே வந்தபோது அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. எப்போதும் குடிக்கிற பாலில்லாத கட்டஞ்சாயாகூட வேண்டாம் என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

போச்சு! எல்லாம் போச்சு. இனி பங்கு முழுக்க நாறும். அச்சன் வெளியே சொல்ல மாட்டார், சரி. ஆனால் அந்த முகம்? அந்த முகத்தை அன்னையர் சங்கத்தார் பார்த்தால் போதாதா?

பலகைக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லி அதைக் கழற்றிச் சமையலறைக்கு எடுத்து வந்தாள். அடுத்தவருடைய பாவசங்கீர்த்தனத்தை ஒளிந்து பார்ப்பது எத்தனை பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மூலையைத் தொட்டாள்.

கால் மணி நேரப் பேச்சில் ஒரே ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் அழிந்திருந்தது.

'ரோஸிலி. நல்லது. சொன்னேன். பொய்.'

ரோஸிலி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் காதில் கேட்டது. இவள் ஒருத்தியின் கண் மேலே போனதற்காகத்தானே அத்தனை கைதட்டலும்! அது பொய் என்று சொல்லிவிட்டாள். அதுவும் மற்ற வரிகளையெல்லாம் துடைத்துவிட்டு, இதை மட்டும் விட்டு வைத்திருக்கிறாள். நான் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன் என்று தெரிந்துதான் விட்டு வைத்திருக்கிறாள்.

பலகையைத் தூக்கிக்கொண்டு போய் இரும்புக் கையில் மாட்டினாள். எல்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பொய்? சொல்லு! கோயில்ல அம்பு பெருநாளுக்கு உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனேனே, அதானே?"

முட்டி மெல்ல நகர்ந்து இடித்தது. "வேற."

"வேறயா? அன்னிக்கு நீ கஞ்சியைத் துப்பினப்போ கன்னத்துல ஒண்ணு வச்சேன். அதுவா?"

"வேற."

"மத்தி உனக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். முள்ளு எடுக்க ஏது நேரம்? அதான் பிடிக்காதுன்னு சொன்னேன். போதுமா?"

"வேற."

"எனக்கு முதுகு விட்டுப் போகுது சேச்சி! ஒரு நாள் நான் செத்தா யாரு பாப்பா உன்னை? உன் தம்பி ஃபோன்ல முத்தம் குடுத்தா ஆச்சா?" ரோஸிலி அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகையோடு அழுகையாக அதுவும் வாயில் வந்துவிட்டது. "மூணு வருஷத்துக்கு முன்னாடியே பஞ்சாயத்து முகாம்காரங்க இதைக் கொண்டு வந்தாங்க. இதே பலகைதான். நீ தூங்கிட்டிருந்தே. சேச்சிக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். பயமா இருந்துச்சு. நீ பேசினா என்ன பேசுவியோன்னு..."

முட்டி அசையவில்லை.

ரோஸிலி நிமிர்ந்து பார்த்தாள். எல்சியின் முகம் வெளுத்திருந்தது. இது அவளுக்குத் தெரியாத விஷயம். இந்த ஒன்று மட்டும் தெரியவே தெரியாது. ஐயோ, என் வாயாலேயே கொடுத்துவிட்டேனே என்று ரோஸிலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்சியின் முட்டி சத்தத்தைக் கூட்டுகிற கட்டத்துக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று முறை இடித்தது. பிறகு பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி பலகை சொன்னது:

"போ."

ரோஸிலி போனாள். கதவைச் சாத்தினாள். காதை வைக்கவில்லை. பொன்னாடைப் படத்தைப் பார்க்காமல் அதைக் கடந்து சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சோறும் மத்திக் கறியும் கொண்டு வந்தாள். முள்ளைத் தடவித் தடவி எடுத்திருந்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள். எல்சி வாயைத் திறக்கவில்லை. முட்டி எண்கள் இருக்கிற வரிசையில் தேடிப் போனது.

"மூணு," என்றது பலகை.

"ஆமா சேச்சி," என்றாள் ரோஸிலி. "மூணு வருஷம்."

எல்சி வாயைத் திறந்தாள். ஒரு உருண்டை தின்று முடித்ததும் மறுபடியும் இடித்தாள்.

"மூணு."

"ஆமா."