கால் சுற்றும் ஒரு டக்கும்

பத்தாவது முடித்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு சின்னப் பொருளைத் திருப்பிப் பார்ப்பது. தொண்ணூறுகளின் நடுவில், நஞ்சன்கூட்டில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில். அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் நாங்கள் மைசூரில் குடியிருந்தோம். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். ரயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கம்பெனியில" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கூச்சம் ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பொருளைப் பற்றி எனக்கே பாதிதான் தெரியும்.

விமான இன்ஜினுக்கு மேலே ஒரு மூடி உண்டு. அதைப் பூட்டும் சாமான் இரண்டு பாகம். மூடியோடு இருப்பது ஸ்டட். சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். முனையில் வளைந்து ஏறும் ஒரு காடி, அதாவது வெட்டிய தடம். கீழே சட்டத்தில் ரிவெட் அடித்து நிற்கும் பாகத்தைத்தான் நாங்கள் செய்தோம். காகிதத்தில் அதன் பெயர் ரிசெப்டகிள், பட்டறையில் கப். இரண்டு துளை போட்ட சின்னத் தகடு, நடுவே அடி திறந்த குழி, குழிக்குக் குறுக்கே ஒரு எஃகுக் கம்பி. ஸ்டட்டை உள்ளே அழுத்தி ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்று திருப்பினால், கம்பி காடி வழியாக ஏறி, கடைசியில் இருக்கும் எள்ளளவு பள்ளத்தில் விழும். டக். அவ்வளவுதான். எவ்வளவு அதிர்ந்தாலும் கழலாது.

என் மேசையில், சோதிப்பதற்கென்றே அளவு பிசகாமல் செய்த கேஜ் ஸ்டட் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கப்பிலும் அதை அழுத்தித் திருப்புவேன். டக் வந்தால் பச்சைத் தட்டு, வராவிட்டால் சிவப்புத் தட்டு. சிவப்பில் விழுந்ததைச் சாயங்காலம் நானே சுத்தியலால் அடித்துச் சப்பையாக்க வேண்டும். கழித்த விமானச் சாமான் முழுசாக வெளியே போய்விடக் கூடாது என்பதில் சார் ரொம்பக் கண்டிப்பு. சார் என்றால் பட்டறை முதலாளி. பெங்களூரில் விமான வேலை பார்த்துவிட்டு வந்தவர். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். கழித்த கப் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்ட லேத் ஓட்டும் டர்னரை அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

அது தெரிந்தும் ஒன்றை நான் அடிக்கவில்லை. தகட்டில் கீறல் விழுந்ததால் கழித்த கப் அது. டக் மட்டும் அருமையாக வரும். சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் போட்டு வைத்திருந்தேன். மதியம் எல்லாரும் கை கழுவப் போனதும் எடுத்துக் கேஜை விட்டுத் திருப்பிப் பார்ப்பேன். ரயில் கபினி பாலத்தில் போகும்போது அதன் குழி வழியாக ஆற்றைப் பார்ப்பேன். வானத்தில் இது எவ்வளவு நடுங்கும்? யார் இதைத் திறப்பார்கள்? எதற்காக? சாரிடம் கேட்க இரண்டு வருஷமாக வாய் வரவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தோம். பிரஸ், லேத், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் பங்குக்கு நானும் கேஜ் ஸ்டட்டுக்குச் சந்தனத்தை அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். பூஜை போட்ட சாமானை விஜயதசமி முடியும்வரை யாரும் தொடுவதில்லை. இரண்டு நாள் கழித்து வந்து எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது இருநூறு கப். முதல் பத்திலேயே நான்கில் டக் வரவில்லை. பதினொரு மணிக்குள் சிவப்புத் தட்டு நிறைந்துவிட்டது.

கப்பில் கம்பி மாட்டுவது பக்கத்து மேசை அக்கா. கொள்ளேகால்காரர். தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏன் அம்மணி, பூசைக்கு முந்தி வரைக்கும் எம்பட கம்பி நல்லாத்தான இருந்துச்சு? ரெண்டு நாள் லீவுல அதுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சா?"

சார் வந்து நாலைந்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏனக்கா, கண்ணு சரியாத் தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுதுங்க. நீங்க சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கறது வரைக்கும் தெரியுதுங்க."

சார் சிரிக்கவில்லை. பொத்தானைச் சரி செய்துகொண்டே, "சிவப்புல இருக்கறது எல்லாத்தையும் சாயங்காலம் அடிச்சுடு. கம்பிக்கு நாளையிலேர்ந்து வேற ஆள். அக்கா, நீங்க பேக்கிங்குக்குப் போங்க" என்றார்.

பேக்கிங் என்றால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கம்பி சரியில்லை என்றால் ஸ்டட் முழுக் கால் சுற்றும் போய் லொடலொடவென்று நிற்கும். இதுவோ சுற்று முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முட்டி நின்றது. உள்ளே ஏதோ இருப்பது போல. கம்பி விறைப்பாக இருந்தவை மட்டும் அதை மீறி டக் என்றன. மதியம் என் பையிலிருந்த கப்பை எடுத்துக் கேஜை அழுத்தித் திருப்பினேன்.

டக் வரவில்லை.

அப்படியென்றால் கோளாறு கம்பியில் இல்லை, கேஜில். ஆனால் கேஜைச் சாரைத் தவிர யாரும் சுரண்டக் கூடாது, பிரிக்கக் கூடாது. சாப்பிடாமலே அவர் மேசைக்குப் போய் நின்றேன்.

"சார், கேஜ்ல ஏதோ..."

"கேஜ் சர்டிஃபிகேட்டோட வந்ததும்மா. அது பொய் சொல்லாது. போ, ஊட்டா பண்ணு."

போயிருக்கலாம். அக்கா தன் டப்பாவில் கம்பிகளை நீளம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. என் பையிலிருந்த கப்பைச் சாரின் மேசைமேல் வைத்தேன்.

சார் கீறலைப் பார்த்தார். "இது எல்லிந்தம்மா வந்துச்சு?"

"என் பையிலேர்ந்து சார். நான் அடிக்கலை. கீறல் மட்டும்தான் சார், டக் வரும். நூறு தடவை வந்திருக்கு. இன்னைக்கு வரலை."

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் கேஜை வாங்கித் தானே திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு விளக்கை இழுத்து லென்ஸை வைத்துப் பார்த்து, பல்குச்சியை மண்ணெண்ணெயில் நனைத்துக் காடியின் கடைசியில் விட்டார். வெளிறிய ஒரு துணுக்கு வந்தது. விரலில் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்!"

"நான்தான் சார் பொட்டு வெச்சேன்."

"மெஷினுக்கு வை. கதவுக்கு வை. வேணும்னா எனக்குக்கூட வை. கேஜுக்கு வெப்பாங்களாம்மா?"

பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "ஒரு சாமானையும் விட்டுறாதீங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

சுத்தம் செய்த கேஜால் இருநூறையும் முதலிலிருந்து பார்த்தேன். உண்மையிலேயே டக் வராதவை ஆறு. பேக்கிங் பேச்சைச் சார் எடுக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. தன் மேசையில் உட்கார்ந்து அடுத்த கப்புக்குக் கம்பி மாட்டத் தொடங்கினார். சாயங்காலம் சார் என் கீறல் கப்பைக் கொண்டுவந்து சுத்தியல் பக்கத்தில் வைத்தார்.

"இதையும்."

வேலையை விட்டு நிறுத்தவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாய் தானாகக் கேட்டது. "சார், இதை யார் சார் திறப்பாங்க?"

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "மெக்கானிக். பறக்கறதுக்கு முன்னாடி உள்ள எண்ணெய் கிண்ணெய் ஒழுகுதான்னு பாக்கத் திறப்பான். மூடறப்ப உன்னை மாதிரியேதான். திருப்பி, டக் வருதான்னு பாப்பான்."

"அந்தச் சத்தத்துல கேக்குமா சார்?"

"காதுக்குக் கேக்காட்டி விரலுக்குத் தெரியும்."

மூன்று அடி அடித்தேன். இரண்டாவது அடியில் கம்பி துள்ளி அக்காவின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு விரலால் உருட்டினார்.

"பாரு அம்மணி. தகடு சப்பையாப் போச்சு. எம்பட கம்பி வளைஞ்சுதா?"

வளையவில்லை. அதைத் தன் டப்பாவில் போடப் போனவர், சார் பார்ப்பதைக் கவனித்து, சிவப்புத் தட்டிலேயே போட்டுவிட்டார்.